‘இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்’ என்று சொன்னால் செய்யாதீர்கள்: வெளிநாடு செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டுப் பயணத்துக்காக இணையத்தில் இ-சிம் (தனி அட்டையாக இல்லாமல், போனிலேயே உள்ள சிப்பில் இறக்கிக்கொள்ளும் சிம்) வாங்கியவர்கள், அது வேலை செய்யவில்லை என்று விற்றவர்களிடம் முறையிடும்போது, "இப்போது போனில் இருக்கும் இ-சிம்மை அழித்துவிட்டு, மின்னஞ்சலில் வந்த க்யூஆர் கோடை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்" என்று பதில் வந்தால், தயவுசெய்து அப்படிச் செய்துவிட வேண்டாம். பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றின் க்யூஆர் கோடு ஒரே ஒரு முறைதான் செல்லும். அழித்த மறுகணம் அது வெறும் படமாகிவிடும். விற்றவர்களின் பதிவேட்டிலோ, வாடிக்கையாளர் இ-சிம்மை நிறுவினார், பிறகு அவரே அழித்தார் என்று ஏறிவிடும். பணத்தைத் திருப்பித் தர மறுப்பதற்கு அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். எனக்கு நடந்தது இதுதான். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒரே சரக்கு பல பெயர்களில், பல செயலிகளில் விற்கப்படும் தொழில் இது என்பதால், ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு தவிர்ப்பதைவிட, எந்த இடத்தில் வாடிக்கையாளர் மாட்டிக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்வதே உதவும்.

நான் வாங்கியது "ஐரோப்பா முழுவதும், வரம்பற்ற டேட்டா, 24 மணி நேர உதவி" என்று விளம்பரப்படுத்தப்பட்ட திட்டம். பணம் செலுத்திய சில நொடிகளில் க்யூஆர் கோடு மின்னஞ்சலில் வந்துவிட்டது. புறப்படும் முன்பே வைஃபை வழியாக நிறுவிக்கொள்ளும்படியும், சென்றிறங்கிய பிறகு அந்த இணைப்பை இயக்கும்படியும் அதில் எழுதியிருந்தது. பொதுவாகப் பார்த்தால் இது சரியான அறிவுரைதான். இ-சிம்மை இறக்கிக்கொள்ளவே இணையம் தேவை என்பதால், வெளிநாட்டு விமான நிலையத்தில் போய் நின்றுகொண்டு வைஃபை தேடுவதைவிட முன்கூட்டியே முடித்துவைப்பது நல்லது. ஆனால் இந்தத் திட்டத்தின் செல்லுபடிக் காலம், வெளிநாட்டு நெட்வொர்க்கில் முதன்முதலாக இணையும்போது அல்ல, போனில் நிறுவிய நொடியிலேயே தொடங்கிவிட்டது. விற்பனைப் பக்கத்தில் "முதல் இணைப்பிலிருந்து" என்றும், பணம் கட்டிய பிறகு மட்டுமே திறக்கும் விதிமுறைகளில் "நிறுவியதிலிருந்து" என்றும் இருவேறு வாசகங்கள் இருந்தன. விமானம் தரையைத் தொடும் முன்பே, விற்பனைப் பக்கத்தை நம்பி அவர்கள் சொன்னபடி செய்ததற்குப் பரிசாக, நான் பணம் கொடுத்த காலத்தில் ஒரு பகுதி கரைந்திருந்தது.

இறங்கியதும் இயக்கிப் பார்த்தேன். திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் முழுதாக நிரம்பியிருந்தன. ஆனால் அவற்றின் பக்கத்தில் வழக்கமாகத் தோன்றும் 4ஜி, 5ஜி என்ற எழுத்து எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள், ஆகவே சற்று விளக்கிவிடுகிறேன். சிக்னல் கோடுகள் காட்டுவது, அருகில் உள்ள கோபுரத்தின் அலை போனுக்கு நன்றாகக் கிடைக்கிறது என்பதை மட்டுமே. பயண இ-சிம் பெரும்பாலும் நாம் போயிருக்கும் நாட்டினுடையது அல்ல. மூன்றாவது ஒரு நாட்டின் தொலைபேசி நிறுவனம் வெளியிட்டு, உள்ளூர் நெட்வொர்க்கில் ரோமிங்காக ஓடுவது. அதனால் அந்த இணைப்பில் டேட்டா ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும், போன் இணையத்தோடு இணையப் பயன்படுத்தும் ஏபிஎன் என்னும் முகவரி சரியாக இருக்க வேண்டும், வெளியிட்ட நிறுவனம் அந்த உள்ளூர் நெட்வொர்க்கில் டேட்டாவுக்கு அனுமதியும் வழங்கியிருக்க வேண்டும். முதல் இரண்டும் நம் கையில் உள்ளவை. ரோமிங்கை இயக்கினேன், மின்னஞ்சலில் இருந்த ஏபிஎன்னை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன், நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்தேன், போனை அணைத்து மறுபடி போட்டேன். பலனில்லை. எஞ்சியிருந்தது மூன்றாவது காரணம் ஒன்றுதான். அதைச் சரிசெய்ய அவர்களால் மட்டுமே முடியும்.

விமான நிலைய வைஃபையில் அமர்ந்து, அவர்களது உதவிச் சாளரத்தில் எழுதத் தொடங்கினேன். முதலில் தானியங்கிப் பதில்கள். பிறகு ஒரு மனிதர் வந்தார். ரோமிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கேட்டார், ஏபிஎன் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கேட்டார், இ-சிம்மின் அடையாள எண்ணான ஐசிசிஐடியைக் கேட்டார், பிறகு முதலில் கேட்டதையே மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் நீண்ட மௌனம். அதற்குள் வைஃபையின் நேரம் முடிந்து மறுபடி உள்நுழைய வேண்டியதாயிற்று. கடைசியில் வந்ததுதான் இந்தப் பதிவின் தலைப்பில் உள்ள அறிவுரை. "அழித்தால் அதே கோடு மறுபடி வேலை செய்யுமா?" என்று நான் எழுத்தில் கேட்டேன். "ஆம், கவலைப்பட வேண்டாம்" என்று எழுத்தில் பதில் வந்தது. அழித்தேன். மறுபடி ஸ்கேன் செய்தபோது, இந்தக் கோடு இனிச் செல்லாது என்று போன் சொல்லிவிட்டது. சாளரத்துக்குத் திரும்பினால் அங்கே வேறொருவர் இருந்தார். இ-சிம் நிறுவப்பட்டு, வாடிக்கையாளரால் நீக்கப்பட்டதாகத் தங்கள் பதிவு காட்டுகிறது என்றும், பயன்படுத்தப்பட்ட இ-சிம்முக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்றும், வேண்டுமானால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றும் அவர் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார்.

அவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், இ-சிம் அமைப்பே அப்படித்தான் இயங்குகிறது. க்யூஆர் கோடுக்குள் இருப்பது சிம் அல்ல. ஒரு சர்வரின் முகவரியும், அங்கே நமக்காக வைக்கப்பட்டிருக்கும் கோப்பைக் கேட்டுப் பெறுவதற்கான குறியீடும்தான். ஸ்கேன் செய்ததும் போனில் உள்ள சிப்பின் 32 இலக்க அடையாள எண், அதாவது ஈஐடி, அந்தச் சர்வருக்குச் செல்கிறது. கோப்பு அந்த ஒரு சிப்புக்கென்றே பூட்டப்பட்டு இறங்குகிறது. நிறுவியதும் சர்வருக்குச் செய்தி போகும், அழித்தாலும் போகும். உலக அலைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏவின் தரநிலையில் இதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கிறது. வெளியிட்ட தொலைபேசி நிறுவனம் நினைத்தால் அந்தக் கோப்பை மறுபடி விடுவிக்க முடியும். சில நிறுவனங்கள் அப்படிச் செய்தும் தருகின்றன. ஆனால் நான் பேசிக்கொண்டிருந்தது வெளியிட்ட நிறுவனத்தோடு அல்ல. செயலியில் விற்பவர் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்குகிறார், மொத்த வியாபாரி தொலைபேசி நிறுவனத்திடம் வாங்குகிறார். நம் முறையீட்டைக் கேட்பவர் கையில் இதைச் சரிசெய்யும் அதிகாரம் எதுவும் இல்லை. என் கருத்தில், இந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு இதுதான். மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

வங்கியில் முறையிடுவதற்காக விதிமுறைகளை வரிவரியாகப் படித்தபோது, அந்த இ-சிம் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் நான் ஏமாற்றமே அடைந்திருப்பேன் என்று புரிந்தது. "வரம்பற்ற டேட்டா" என்பது ஒவ்வொரு நாளும் ஓர் அளவு வரைதான். அதைத் தாண்டினால் வேகம் 512 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்படும். அந்த வேகத்தில் எழுத்துச் செய்தி போகும், வரைபடம் திணறும், வீடியோ அழைப்பை மறந்துவிட வேண்டியதுதான். ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினிக்கு இணைப்புக் கொடுப்பதற்கும் தடை இருந்தது. நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்ற பெயரில் இந்தத் துறையில் பலரும் இதையே செய்கிறார்கள் என்பதால் இதை மோசடி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் வரம்பை விதிமுறைகளில் ஒளித்துவைத்துவிட்டு "வரம்பற்ற" என்று பெரிய எழுத்தில் போடுவதற்கு நேர்மை என்று பெயரில்லை.

"ஐரோப்பா" என்ற சொல்லையும் அப்படியே நம்பக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங் கூடுதல் கட்டணத்தை நீக்கியது. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் அந்த ஏற்பாட்டில் உள்ளன, சுவிட்சர்லாந்து இல்லை. ஆகவே மலிவான பல ஐரோப்பியத் திட்டங்களில் சுவிட்சர்லாந்தோ, பிரிட்டனோ, துருக்கியோ விடுபட்டிருக்கலாம். ஜெர்மனியிலிருந்து ரயிலில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குள் நுழையும்போது இ-சிம் நின்றுவிட்டால், அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஐபோனில் ஒரு இணைப்பு நின்றால் மற்றதற்கு டேட்டாவைத் தானாக மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் இதையொத்த வசதி உண்டு. அது இயக்கத்தில் இருந்து, சொந்த சிம்மின் டேட்டா ரோமிங்கும் திறந்திருந்தால், நமக்குத் தெரியாமலே சொந்த சிம்மின் ரோமிங் கட்டணம் ஏறத் தொடங்கும். கப்பல்களில் இயங்கும் கடல் நெட்வொர்க்குகளில் இது இன்னும் மோசமான பில்லாக வந்து சேரும். பயண இ-சிம்மில் ரோமிங் திறந்தும், சொந்த சிம்மில் ரோமிங் மூடியும், தானாக மாறும் வசதி அணைந்தும் இருக்கிறதா என்று விமானம் ஏறும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பலர் யோசிக்காத இன்னொன்று, நம் டேட்டா எந்த வழியாகப் போகிறது என்பது. ரோமிங் இ-சிம்மில் டேட்டா பெரும்பாலும் வெளியிட்ட நிறுவனத்தின் நாட்டுக்கோ வேறொரு நாட்டுக்கோ சுற்றிக்கொண்டு போய்த்தான் இணையத்தை அடைகிறது. நாம் ஒரு நாட்டில் இருக்க, இணையதளங்களுக்கு வேறொரு நாட்டில் இருப்பதாகத் தெரியும். வேகம் குறையும், வங்கிச் செயலி சந்தேகப்பட்டுப் பூட்டிக்கொள்ளவும் கூடும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், பயண இ-சிம்கள் சிலவற்றின் டேட்டா, பயனர் சீனாவில் இல்லாதபோதும் சீன நெட்வொர்க் வழியாகச் சென்றதைக் காட்டினார்கள். விற்பனைப் பக்கங்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் இ-சிம் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் போனில் *#06# அழுத்தி ஈஐடி எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும், ஒரு தொலைபேசி நிறுவனத்தோடு பூட்டப்பட்ட போனாக இருந்தால் வேறு இ-சிம் ஏறாது. சீனப் பெருநிலப்பரப்பில் விற்கப்பட்ட ஐபோன்களில் பெரும்பாலானவற்றில் இ-சிம் வசதியே கிடையாது என்பதால், பழைய போனாக வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். செல்லுபடி எந்த நொடியில் தொடங்குகிறது, நாட்டில் எந்த நெட்வொர்க்கில் ஓடும், ஹாட்ஸ்பாட் உண்டா, வேலை செய்யாவிட்டால் பணம் எந்த நிபந்தனையில் திரும்பும் என்பவை விற்பனைப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கவில்லை என்றால், அவர்களிடம் வாங்காதீர்கள். பெரும்பாலான பயண இ-சிம்களில் தொலைபேசி எண் இருக்காது. ஓடிபி வருவதற்குச் சொந்த சிம் இயக்கத்தில் இருந்தாக வேண்டும், ஆனால் அதில் வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. துருக்கிக்குச் செல்பவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். 2025 ஜூலையில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் பல இ-சிம் விற்பனைத் தளங்களை அந்நாட்டுக்குள் திறக்காதபடி முடக்கியது. சொந்தத் தொலைபேசி நிறுவனத்தின் ரோமிங் திட்டமும், சென்ற நாட்டின் நிறுவனம் நேரடியாகத் தரும் இ-சிம்மும் விலை கூடுதலாக இருக்கலாம்; ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அங்கே இருக்கிறார்.

கடைசியாக என் பணம் பற்றி. நிறுவனத்தோடு வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததும், பணம் செலுத்திய அட்டையை வழங்கிய வங்கியில், சேவை வழங்கப்படவில்லை என்ற காரணத்தின் கீழ் சார்ஜ்பேக், அதாவது செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுதல், கோரினேன். நிறுவனம் தன் பங்குக்கு நிறுவப்பட்டதற்கான பதிவை வங்கிக்கு அனுப்பியது. அதை எதிர்த்து என் கையில் இருந்தவை, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், "கவலைப்பட வேண்டாம்" என்ற அந்த உரையாடல், அந்த இணைப்பில் சென்ற டேட்டா சுழியம் என்று போனே காட்டிய அமைப்புப் பக்கம் ஆகியவை. வங்கி என் பக்கம் தீர்ப்பளித்தது. இவற்றில் மூன்றாவதை உதவியாளர் கேட்ட ஸ்கிரீன்ஷாட்களோடு சேர்த்து எடுத்திருந்தேன். அப்படி எடுத்துவைக்காமல் இ-சிம்மை அழித்திருந்தால் அந்தக் கணக்கும் அதோடு மறைந்திருக்கும். சார்ஜ்பேக் கோர வங்கிகள் காலக்கெடு வைத்திருக்கின்றன, ஆகவே ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், பயணத்தின்போதே வங்கிக்கு எழுதிவிடுங்கள்.