பேச்சுப் போட்டிக்குக் கைகொடுத்த பழைய படங்கள்

தமிழ்த் தினப் போட்டிக்கு மகளைத் தயார்படுத்தும்போதுதான் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் உள்ள பிரெலிங்கர் தொகுப்பைப் பார்த்தேன், அந்தக் காலத்து அமெரிக்க வகுப்புகளில் புரொஜெக்டரில் ஓட்டிய பாடப் படங்கள் அதில் நிறைய, இலவசம், தரவிறக்கியும் வைக்கலாம். பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கன்சாஸின் சென்ட்ரான் நிறுவனம் 1950இல் எடுத்த 'யூசிங் யுவர் வாய்ஸ்'. குரல் கேட்க வேண்டும், சொல்வது புரிய வேண்டும், காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும், படம் சொல்வது இவ்வளவுதான், ஆனால் நம் பிள்ளைகளைக் கத்துவதுதான் பேச்சு என்று பழக்கிவிட்டோம், அது எனக்கு நெடுநாள் வருத்தம். மகளை டச்சு பே கடற்கரையில் நிறுத்தி, இருபது அடி தள்ளி நின்று, "கத்தாமல் எனக்குக் கேட்கிற மாதிரிப் பேசு பிள்ளை" என்றேன். முதல் நாள் அலைச் சத்தம் மட்டும்தான். நான்காம் நாள் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது!

நிமிர்ந்து நிற்கச் சொல்லும் 'பாஸ்சர் பால்ஸ்' (1952) சின்ன வகுப்புகளுக்குச் சரி. அதில் பிள்ளைகளைப் போட்டி போட வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, கூன் விழுகிற பிள்ளை இன்னும் கூசிப் போகும்.

தமிழ் சப்டைட்டில் கிடையாது. நிறுத்தி நிறுத்தி நானே சொல்லிக் கொடுத்தேன்.