சுருள், லிக்விட், வலை: ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க எது விடும்?

பல வீடுகளில் சாயங்காலம் ஆறு மணி ஆனதும் ஜன்னலைச் சாத்துகிறார்கள், கொசுவத்திச் சுருளைக் கொளுத்துகிறார்கள் அல்லது லிக்விட் மெஷினைப் போடுகிறார்கள். காலையில் தொண்டைக் கரகரப்போடு எழுந்தால் பழி ஃபேன் காற்றின் மேல் போகிறது. ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த அலசல் கொசுவலையின் கட்சி. ஆனால் மற்ற இரண்டும் எங்கே சறுக்குகின்றன, வலையும் எங்கே ஏமாற்றும் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

போட்டியிலேயே சேர்க்க வேண்டாதவை சில. காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் அல்ட்ராசோனிக் கருவியால் பயன் இல்லை. கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2007ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அதனால் கொசுக்கடி குறைவதற்கு ஆதாரமே இல்லை என்றது. கொசு பேட் விழித்திருப்பவருக்கு மட்டும். கொசு ஊதுபத்தி வாங்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். ‘மூலிகை’ என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்து எண் இல்லையென்றால், என்ன எரிகிறது என்றே தெரியாத புகை அது.

சுருளுக்கு வருவோம். அதில் பூச்சிக்கொல்லி ஒரு சதவீதத்துக்கும் கீழே. மீதியெல்லாம் மரத்தூள், கொட்டாங்குச்சித் தூள், பசை, சாயம். அதாவது கொசுவுக்கான மருந்தைக் கிளப்ப, ஏழெட்டு மணி நேரம் ஒரு விறகைக் கனன்றபடி படுக்கை அருகே வைக்கிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் கக்கும் பி.எம். 2.5 நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்றது. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயு 51 சிகரெட் வரைக்கும் சமமாக வந்தது. ‘ஒரு சுருள், நூறு சிகரெட்’ என்று வாட்ஸப்பில் சுற்றுவது இதைத் திரித்தது. அறைக்குள் வெளியாகும் புகையின் அளவு அது. நூறு சிகரெட்டை ஒருவர் இழுத்ததற்குச் சமம் இல்லை. உள்ளே போவது எவ்வளவு என்பது அறையின் அளவையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது. தைவான் ஆய்வொன்று அடிக்கடி சுருள் வைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. தொடர்பு இருக்கிறது என்பது வரைதான் அந்த ஆய்வு போகும், சுருள்தான் காரணம் என்று நிரூபிக்காது.

‘புகையில்லாச் சுருள்’ கரித்தூளில் செய்வது. கண்ணுக்குத் தெரியும் புகை குறைகிறது, ஆனால் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரத்தான் செய்யும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கண் எரியாததால் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துகிறோம் என்பதுதான் வில்லங்கம். இது போக, கட்டிலுக்கடியில் வைத்த சுருளின் மேல் போர்வை நுனி தொங்கினாலே போதும், தீப்பிடிக்க.

லிக்விட் மெஷின் இதைவிடப் பல மடங்கு மேல், அதில் சந்தேகமில்லை. எரிவது எதுவும் இல்லை, குச்சித் திரி வழியே ஏறும் மருந்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. 45 மி.லி. பாட்டில் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை மாதம் வருமென்று வைத்தால், ஓர் இரவுக்கு 1 மி.லி. அதிலுள்ள கொசு மருந்தான டிரான்ஸ்ஃப்ளூத்ரின் 1.6 சதவீதம் என்றால், ஓர் இரவில் அறைக்குள் வருவது சுமார் 13 மில்லிகிராம். இது சேர்ந்த பைரெத்ராய்டு வகை மருந்துகளை மனித உடல் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். மீனுக்கு அது கடும் விஷம், பூனைக்கும் ஆகாது. மீன் தொட்டி இருக்கும் அறையில் மெஷின் போடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலும் மூக்கெரிச்சலும் வரலாம். ஆண்டுக்கணக்கில் இரவு முழுக்கச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று மனிதர்களைப் பின்தொடர்ந்த நீண்டகால ஆய்வுகள் குறைவு. அதனால் ‘பாதுகாப்பானது’ என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ‘விஷம்’ என்றும் பயமுறுத்த முடியாது.

மூன்றையும் பிரிக்கும் இடம் ஜன்னல்.

சுருளும் லிக்விடும் காற்றில் மருந்தைத் தேக்கி வைத்து வேலை செய்பவை. ஜன்னலைத் திறந்தால் மருந்து நீர்த்துப்போகும், கொசுவும் வரும். மூடினால் கொசுவுக்குத் தேங்குவது நமக்கும் தேங்கும். 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி என்றால் அறைக்குள் இருப்பது வெறும் 28 கன மீட்டர் காற்று. மூன்று பேர் படுத்து, கதவு ஜன்னல் சாத்தி, எட்டு மணி நேரம் அதையே இழுக்கிறோம். ஏசி போட்டால் புதுக்காற்று வரும் என்பது தவறான நம்பிக்கை. வீட்டில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஏசி அறையில் சுருள் வைப்பது அறவே கூடாது.

வலைக்கு இந்த இக்கட்டு இல்லை. நான்கு ஜன்னலும் திறந்திருக்கட்டும், கொசு அறையில் பறக்கட்டும், உங்களிடம் வராது. ஆதாரத்திலும் அதுதான் முன்னே நிற்கிறது. ஆப்பிரிக்காவில் 2000 முதல் 2015 வரை தவிர்க்கப்பட்ட மலேரியாக் காய்ச்சல்களில் 68 சதவீதம் மருந்தூட்டிய வலைகளால் என்று 2015இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணித்தது. அது மருந்து வலைக்கான கணக்கு. நம் கடைத்தெருவில் கிடைப்பதில் பெரும்பகுதி மருந்தில்லாத சாதா வலை. சாதா வலையில் மருந்து காப்பாற்றாது, தைப்பும் செருகலும்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் வாங்குவதிலும் கட்டுவதிலும் கொஞ்சம் கறார் வேண்டும்.

கண் அளவை இப்படிப் பாருங்கள்: வலையின் மேல் ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். ஒரு வாக்கில் 12, இன்னொரு வாக்கில் 13 வந்தால் சதுர அங்குலத்துக்கு 156. அதுதான் வழக்கமான அளவு. அதைவிடப் பெரிய கண் என்றால் வேண்டாம். ரொம்பவும் நெருக்கமான கண் என்றால் சித்திரை வெயிலில் உள்ளே படுக்க முடியாது. காற்று குறைகிறது என்பது வலை மீதான நியாயமான புகார், மறுப்பதற்கில்லை.

ஒரே கொக்கியில் தொங்கும் கூம்பு வலை பார்க்க அழகு. ஆனால் பக்கங்கள் உள்நோக்கிச் சரிவதால் காலும் தோளும் வலையில் உரசும். உரசிய இடத்தில் கொசு வெளியே உட்கார்ந்தபடியே கடிக்கும். நான்கு மூலையும் கட்டும் பெட்டி வலைதான் சரி. கட்டில் 5 அடி அகலம் என்றால் வலை 6 அடி எடுங்கள். வலையின் மேல்பக்கம் மெத்தையிலிருந்து 5 அடி மேலே நின்றால், அதன் உயரம் 6 அடியாவது இருக்க வேண்டும். மிச்ச ஓரடி மெத்தைக்கடியில் செருக. பாயில் படுப்பவர்கள் பாய்க்கடியில் செருகலாம். வெறுமனே தரையில் புரள விட்டால், புரண்டு படுக்கும்போது எங்காவது தூக்கிக்கொள்ளும். வலைக் கயிற்றை ஃபேன் கொக்கியில் கட்டவே கட்டாதீர்கள். நைலான் வலை நெருப்பு பட்டால் உருகிப் பற்றும், எனவே பக்கத்தில் சுருளோ மெழுகுவத்தியோ ஆகாது.

மருந்து வலை கிடைத்தால் முதல் உபயோகத்துக்கு முன் ஒரு நாள் முழுக்க நிழலில் விரித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் துவைக்க வேண்டாம். சாதாரண சோப்பு போதும், பிளீச்சிங் கூடாது, காயப்போடுவதும் நிழலில்தான்; வெயில் மருந்தைச் சிதைக்கும். 20 சலவை அல்லது மூன்று ஆண்டு தாங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. அலசிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், மீன் சாகும்.

வலை தோற்கும் நேரமும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கு வலை உதவும், பள்ளிக்கூடம் போகிறவனுக்கு உதவாது. அதற்கு முழுக்கைச் சட்டையும், தண்ணீர் பிடித்த டிரம்மை வாரம் ஒரு முறை காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுவதும்தான் வழி. முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.

சாயங்காலம் விழித்திருக்கும் நேரத்துக்கு லிக்விட்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஓட்டி, வலைக்குள் போகும்போது அணைத்துவிடுங்கள். தலைமாட்டு பிளக்கில் வேண்டாம், ஜன்னல் பக்கம் செருகுங்கள். காலி பாட்டிலில் மண்ணெண்ணெயும் கற்பூரமும் ஊற்றி ஓட்டும் யோசனை யூடியூபில் வலம் வருகிறது. தீ விபத்துக்கு அதைவிட நேர்வழி இல்லை. ரீஃபில்லைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதில் இருப்பது மண்ணெண்ணெய் இனக் கரைப்பான், வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா ஆகும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காலையில் வலைக்குள் வயிறு சிவந்த கொசு ஒன்று உட்கார்ந்திருந்தால் வலையைத் திட்ட வேண்டாம். இருட்டில் ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து டார்ச் அடித்து மெதுவாக நகர்த்தினால் கிழிசல் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அது கால்மாட்டில், மெத்தை விளிம்பில் உரசும் இடத்தில் இருக்கும். இரண்டு தையல் போட்டு அன்றே மூடிவிடலாம். கிழிசல் இல்லையென்றால், நடுராத்திரி பாத்ரூம் போனவர் திரும்பி வந்து செருகாமல் படுத்திருப்பார்.