கருத்து முதலிலா, கடைசியிலா? வாதப் பத்தி எழுத மூன்று வழிகள்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக' என்று ஒரு கேள்வி வருமே, முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடியும் அந்தச் சட்டகத்தில் பழகிய கைக்கு, 'ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு வாதாடி ஒரே ஒரு பத்தி எழுது' என்று சொன்னால் எழுத்து ஓடாது. அந்தச் சட்டகம் தகவலை அடுக்கச் சொல்லித்தரும், ஒரு கருத்தை நிலைநாட்டச் சொல்லித்தராது. புதிதாக எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனைகளும் மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கின்றன. கருத்தை முதல் வரியிலேயே போட்டுவிடு என்பது ஒரு கட்சி, காரணங்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் கருத்துக்கு வா என்பது இன்னொன்று, எதிராளி சொல்வதிலிருந்து தொடங்கு என்பது மூன்றாவது. ஒரே விஷயத்தை மூன்று விதமாகவும் வைத்துப் பார்த்தால் எது யாருக்குச் சரி என்பது தெரிந்துவிடும்.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். காட்டோரம் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரும் டெபாசிட் முறை வந்தது. அதே மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நேரடித் தடையே இருக்கிறது. ஆக ஒரே மலை, இரண்டு விதமான பாட்டில், இரண்டு வழிமுறை. வாதத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நாம் எடுக்கும் பக்கம்: தண்ணீர் பாட்டிலுக்கும் டெபாசிட் முறைதான் மேல்.

முதல் கட்சியின்படி எழுதினால் இப்படி வரும்:

"மலைப்பகுதியில் தண்ணீர் பாட்டில் குப்பையைக் குறைக்கத் தடையைவிட டெபாசிட் முறை மேல். நீலகிரியில் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரத் தொடங்கியதும் விற்றவற்றில் பெரும்பகுதி கடைக்கே திரும்பின. எறிந்தால் தன் காசு போகும் என்பதால் வாங்கியவரே அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் எறிந்துவிட்டாலும் பொறுக்கி எடுப்பவருக்கு அது 10 ரூபாய். தண்ணீர் பாட்டிலும் அதே போலக் கடையில் வாங்கி, வழியில் காலியாகி, சாலையோரம் விழுகிற பொருள்தான்."

ஐந்து வாக்கியம். பார்க்க எளிமையாக இருந்தாலும் கடைசி வாக்கியத்தை ஒரு விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'சரி, மது பாட்டில் திரும்பி வந்தது, அதற்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று யாரும் கேட்பார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் இந்த வாக்கியத்தைத்தான் எழுதாமல் விடுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்ததால் படிப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கருத்து முதலில் இருக்கும்போது இந்த ஓட்டை பளிச்சென்று கண்ணில் படும், ஏனென்றால் முதல் வரியோடு ஒவ்வொரு வரியையும் ஒட்டவைத்துப் பார்க்க முடிகிறது. நான் இந்தக் கட்சிப் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். படிப்பவருக்கு வசதி என்பதெல்லாம் அப்புறம்.

ஆங்கிலவழிப் பள்ளிகளில் 'பீல்' என்று ஒன்று சொல்லித்தருகிறார்கள்: பாயிண்ட் (கருத்து), எவிடென்ஸ் (ஆதாரம்), எக்ஸ்பிளனேஷன் (விளக்கம்), லிங்க் (கருத்தோடு மீண்டும் இணைப்பது). மேலே உள்ள பத்தி கிட்டத்தட்ட அதேதான், லிங்க் மட்டும் இல்லை. லிங்க் என்ற பெயரில் முதல் வரியையே சொற்களை மாற்றித் திரும்ப எழுதும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. 'ஆகவே டெபாசிட் முறையே சிறந்தது என்பது தெளிவாகிறது' என்று எழுதினால் எதுவும் கூடுதலாகத் தெளிவாவதில்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லித்தரும் இடத்தில் பக்கம் (நிலைநாட்ட வேண்டிய கருத்து), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்புகள் வருகின்றன. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் பார்க்கிறோமே அதுபோல, இந்த மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது. நம் பத்தியின் ஐந்தாவது வாக்கியம்தான் இதில் உபநயம். அடுக்களையில் பார்த்ததை மலைக்குக் கொண்டுவந்து பொருத்தும் வேலை. பீலில் 'விளக்கு' என்று மொட்டையாகச் சொல்லிவிடுவதால் எதை விளக்குவது என்று மாணவர் முழிக்கிறார். இங்கே 'பொருத்திக் காட்டு' என்ற வேலை தனியாக நிற்கிறது. ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1958-ல் எழுதிய நூலில் ஆதாரத்திலிருந்து கருத்துக்குப் போக உரிமை தருவது எது என்ற கேள்வியைத் தனியாகப் பிரித்து வைத்ததும் ஏறக்குறைய இந்த இடைவெளிக்காகத்தான். வாதத்தை அவர் பிரித்துவைத்த ஆறு பெட்டிகளும் நல்ல சரக்கு, ஆனால் முதல் பத்தி எழுதுகிறவரிடம் கொடுத்தால் பெட்டியை நிரப்புவதிலேயே நாள் போய்விடும்.

உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்றும் மணிமேகலையில் அதே இடத்தில் வருகிறது. கைதேர்ந்தவர்களுக்கு அது சரி. புதியவர் நிகமனத்தை விடலாம், உபநயத்தை விடக் கூடாது.

இரண்டாவது கட்சிக்கு வருவோம். யானையின் காலில் கண்ணாடி குத்தியதில் தொடங்கி, 10 ரூபாய் வந்த கதையைச் சொல்லி, தடைக்காகச் சோதனைச் சாவடியில் சுற்றுலா வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் சிரமத்தைச் சொல்லி, 'இப்போது சொல்லுங்கள், எது மேல்?' என்று முடிப்பது. பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்கும் முறை இது. கேட்பவர் நாற்காலியை விட்டு எழுந்து போக மாட்டார் என்ற தைரியத்தில் பேச்சாளர் இழுக்கலாம். படிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமையும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் எழுதுகிறவருக்கு. எங்கே போகிறோம் என்று முடிவாகாமலே எழுத ஆரம்பித்துவிடலாம் என்பதால் 2019 பிளாஸ்டிக் தடை, மஞ்சப்பை, கடல் ஆமை என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே வந்துவிடும், கடைசி வரி எதற்கு முடிவு என்றே தெரியாது.

ஆனால் இதை முழுசாகத் தள்ளவும் முடியாது. படிப்பவர் நம் கருத்தைக் கேட்டதுமே கோபப்படுவார் என்றால் கருத்தைப் பின்னால் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் 'மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்ற வேண்டும்' என்று முதல் வரியிலேயே எழுதிப் பாருங்கள், இரண்டாவது வரியை ஒருவரும் படிக்க மாட்டார்கள். லிஃப்ட் எத்தனை முறை நின்றது, டேங்கர் தண்ணீருக்கு எவ்வளவு போகிறது என்று காட்டிவிட்டு அப்புறம் ஏற்றச் சொல்லலாம். இதற்கும் ஒரு வழி உண்டு: எழுதும்போது கருத்தை முதலில் வைத்தே எழுதி, எல்லா வரியும் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அனுப்பும் முன் அந்த வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டிவிடலாம்.

மூன்றாவது, 'தடை போட்டால் பொருளே வராது என்கிறார்கள், நியாயம்தான், ஆனால்...' என்று தொடங்குவது. நன்றாக எழுதத் தெரிந்தவர் கையில் இது மூன்றிலும் பலமானது. புதியவர் கையில் இரண்டு விதமாகக் கெடும். எதிர்த்தரப்புக்கு நான்கு வாக்கியம் கொடுத்துவிட்டுத் தன் பக்கத்துக்கு ஒன்று மிச்சம் வைப்பார், அல்லது 'சிலர் அறியாமையால் சொல்கிறார்கள்' என்று யாருமே சொல்லாத ஒன்றை எதிராளி வாயில் வைத்து அடிப்பார். ஒரே பத்தியில், அதுவும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 10 மதிப்பெண்ணுக்கு 150 சொல் என்பது போன்ற கட்டுப்பாட்டில், எதிர்த்தரப்புக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இடமே கிடையாது.

என் தீர்ப்பு, முதல் முறையை எடுத்துக்கொண்டு மூன்றாவதிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கடன் வாங்குங்கள். வைக்கும் இடம் பொருத்திக் காட்டும் வாக்கியத்துக்கு அடுத்து, ஏனென்றால் படிப்பவருக்குச் சந்தேகம் எழுவது அந்த இடத்தில்தான். நம் பத்தியில் அது இப்படி இருக்கும்: "கண்ணாடி பாட்டிலைவிட பிளாஸ்டிக் பாட்டில் மலிவு என்பதால் அதற்கு 10 ரூபாய் அதிகமாகத் தோன்றலாம், ஆனால் தொகை உறுத்தாவிட்டால் யாரும் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள்."