டோலோ 650, சளி மாத்திரை, சாரிடான்: ஹாஸ்டல் மருந்து டப்பா எப்படி?

கல்லூரி ஹாஸ்டலில் எந்த அறையில் கேட்டாலும் இந்த மூன்றும் கிடைக்கும். சீட்டு இல்லாமலே வாங்குகிறார்கள். மூன்றையும் ஒரே நாளில் போடுவதுதான் எங்களைக் கவலைப்பட வைக்கிறது.

டோலோ 650-இல் இருப்பது பாரசிட்டமால் மட்டும். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் தாராளமாக வாங்கலாம். 6 மணி நேரத்துக்கு ஒன்று என நாளைக்கு 4 போட்டால் 2,600 மி.கி. ஆகிறது. பெரியவர்களுக்கு உச்சவரம்பு 4,000 மி.கி. என்பதால் இதுவரை பயமில்லை. ஒல்லியானவர்கள், சாப்பாட்டைத் தவிர்ப்பவர்கள், குடிப்பவர்கள் அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது.

“சளிக்கு ஏதாவது கொடுங்க” என்றால் கடையில் தரும் கூட்டு மாத்திரையில் பெரும்பாலும் பாரசிட்டமால் 500 மி.கி. இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று நினைத்து டோலோவோடு இதையும் நாலு வேளை போட்டால் மொத்தம் 4,600 மி.கி. ஆகிவிடும். தலைவலிக்கென்று இரண்டு சாரிடானும் சேர்ந்தால் 5,100. மூன்று பெயர், மூன்று நிறம், உள்ளே போவது ஒரே மருந்து.

கூட்டு மாத்திரையில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின், வாய்வழியாகச் சாப்பிட்டால் பலன் தருவதில்லை என்று 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மிஞ்சும் குளோர்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து தூக்கம் வரவைக்கும். அதற்காகவே இதைத் தூக்க மாத்திரையாகப் போடுபவர்கள் உண்டு. மறுநாள் தேர்வு அறையிலும் அந்த மந்தம் விடாது. எங்கள் கணிப்பில் இது வாங்கத் தேவையில்லாத பொருள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

சாரிடானில் பாரசிட்டமால் 250, புரோபிஃபெனசோன் 150, கஃபீன் 50 மி.கி. என்றைக்கோ ஒருநாள் போட்டால் வலி சீக்கிரம் அடங்கும். செமஸ்டர் முழுக்க மாதம் 10 நாளுக்கு மேல் போட்டால், மூன்று மாதத்தில் மாத்திரையே தலைவலியைக் கிளப்ப ஆரம்பிக்கலாம். நிறுத்தினால் முதல் சில நாள் வலி கூடும். உடனே இன்னொன்றைத் தேடுவார்கள். அந்தக் கட்டத்தில் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

கடைக்காரர் கத்தரித்துத் தரும் நாலு மாத்திரைத் துண்டை வாங்காதீர்கள். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அது கடையிலேயே தங்கிவிடும். கையில் வருவது பாதிப் பெயர் தெரியும் வெள்ளித்தாள். எத்தனை மி.கி. என்று எதை வைத்துக் கணக்குப் போடுவது? முழு அட்டையாகக் கேளுங்கள்.

அளவு மீறிவிட்டது தெரிந்தால் வாந்தி, வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கல்லீரல் சேதமாகும்போதும் முதல் நாள் முழுக்க ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். விஷமுறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தின்ற அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு.