ரிவால்வர் 2022: குரல் நடுவுக்கு வந்தாச்சு

பல வருஷம் முன்னால் நண்பனும் நானும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘எலினார் ரிக்பி’ பாட்டைக் கேட்டோம். வலது அவனுக்கு, இடது எனக்கு. பாட்டு முடிந்ததும் “என்ன குரல்டா!” என்றான். எனக்கோ எந்தக் குரலைச் சொல்கிறான் என்றே புரியவில்லை, ஏனென்றால் எனக்குக் கேட்டதெல்லாம் வயலினும் செல்லோவும்தான். கோரஸ் வரும்போது மட்டும் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி குரல் வந்து போனது. இயர்போன் போய்விட்டது என்று நினைத்து ஒயரை முறுக்கினேன், ஜாக்கைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கோளாறு ஒயரில் இல்லை, 1966-ல் செய்த ஸ்டீரியோ மிக்ஸே, அதாவது குரலையும் வாத்தியங்களையும் இடது வலது என்று பிரித்துக் கலந்த விதமே, அப்படித்தான் என்று. சரணம் முழுக்கக் குரல் வலது பக்கம் மட்டும். இன்னொரு வேடிக்கை, முதல் சரணத்தின் முதல் சொல் தொடங்கும்போது குரல் இரண்டு பக்கமும் கேட்கும், சொல் முடிவதற்குள் யாரோ சுதாரித்துக்கொண்ட மாதிரி வலப்பக்கம் ஓடிவிடும்.

அந்தப் பாட்டு இருக்கும் 1966 ஆல்பம் ‘ரிவால்வர்’. 2022 அக்டோபரில் வந்த அதன் சிறப்புப் பதிப்பை வாங்கியதும் முதலில் கேட்டது அந்த இரண்டே நிமிஷப் பாட்டைத்தான். குரல் நடுவில் இருக்கிறது. எட்டு தந்தி வாத்தியங்களும் குரலைச் சுற்றி இரண்டு பக்கமும் விரிந்து உட்கார்ந்திருக்கின்றன. இவ்வளவுதான் மாற்றம், ஆனால் பாட்டு வேறு அறைக்குக் குடிபோன மாதிரி இருக்கிறது.

ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பேச்சில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டை எடுத்து அடியில் ஒரு குத்து பீட்டை ஓடவிடுவது என்று ஆகிவிட்டது. இது அது இல்லை. ரீமாஸ்டர் என்றால் கலந்து முடித்த கடைசி டேப்பை எடுத்துத் தூசு தட்டி, பாஸ், டிரெபிள், சத்த அளவு ஆகியவற்றைச் சரிசெய்வது. 2009 செப்டம்பரில் பீட்டில்ஸ் ஆல்பங்கள் எல்லாவற்றுக்கும் செய்தது அதுதான். அதில் வலது பக்கம் நின்ற குரல் இன்னும் தெளிவாக வலது பக்கமே நின்றது. ரீமிக்ஸ் என்றால் கலப்பதற்கு முந்தைய மல்டிடிராக் டேப்புக்கு, அதாவது குரலும் வாத்தியங்களும் தனித்தனித் தடங்களில் (டிராக்குகளில்) பதிவான டேப்புக்குப் போய், எது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று முதலிலிருந்து முடிவு செய்வது. இந்தப் பதிப்பில் அதைச் செய்திருப்பவர்கள் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெலும். ஜைல்ஸ், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன். அப்பா செய்த சமையலில் மகன் உப்பு சரிபார்க்கிறார் என்று சிலர் கிண்டல் செய்வதும் உண்டு.

பழைய மிக்ஸைப் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது நான்கு டிராக் மெஷின். ஒரு டிராக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியங்களைத் திணித்தால்தான் வேலை நடக்கும். அதோடு பிரிட்டனில் அப்போது பெரும்பாலோர் கேட்டது மோனோ ரெக்கார்டு, இடது வலது பிரிவே இல்லாமல் எல்லாம் ஒன்றாக ஒலிப்பது. கவனமெல்லாம் மோனோ மிக்ஸுக்குப் போனது, ஸ்டீரியோ ஏதோ ஒப்புக்குச் செய்த வேலை. இதில் ஆல்பத்தின் முதல் பாட்டான ‘டாக்ஸ்மேன்’தான் பெரிய சிக்கல். டிரம்ஸ், பாஸ், கிட்டார் மூன்றும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தன, அதனால் பழைய ஸ்டீரியோவில் மூன்றும் மொத்தமாக இடது பக்கம். ஹெட்போனில் கேட்டால் இடது காதில் ஒரு முழு பேண்ட் வந்து குடியேறும், வலது காதில் கொஞ்சம் தாளமும் அவ்வப்போது ஒரு கிட்டாரும். எதைப் பிரித்து எங்கே நகர்த்துவது? பீட்டில்ஸின் அடுத்த ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்’ 2017-லேயே ரீமிக்ஸ் ஆனபோதும் ‘ரிவால்வர்’ காத்துக் கிடந்ததற்கு இதுதான் காரணம்.

அந்தச் சிக்கலை உடைத்தது திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள். பீட்டில்ஸைப் பற்றி 2021-ல் வந்த ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக, ஒரே மைக்கில் கலந்து பதிவான பேச்சையும் கிட்டாரையும் பிரிப்பதற்கு எமில் டி லா ரே தலைமையில் ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோவின் டிரம்ஸ் எப்படி ஒலிக்கும், பாஸ் எப்படி ஒலிக்கும் என்று அதற்குப் பழக்கிவிட்டால் கலவையிலிருந்து ஒவ்வொன்றையும் தனியாக உருவித் தரும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நம்பவில்லை. இப்போது வேறு வழியில்லை.

சரி, கேட்க எப்படி இருக்கிறது?

‘டாக்ஸ்மேன்’ நின்றுகொண்டு அடிக்கிறது. டிரம்ஸும் பாஸும் நடுவில் இருப்பதால் முதல் முறையாக இது ஹெட்போனில் ஆடக்கூடிய பாட்டாகிவிட்டது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது இருபது வயது. பாஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை ஸ்டூடியோ விதிகள் அனுமதித்ததைவிட நெருக்கமாக வைத்துப் பதிவு செய்தவர் அவர். அவ்வளவு வம்பு செய்து பிடித்த சத்தம் ஐம்பத்தாறு வருஷம் ஒரு ஓரத்தில் கிடந்தது. இப்போதுதான் அந்த ஸ்வெட்டருக்கு மரியாதை கிடைத்திருக்கிறது.

‘ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்’ பாட்டின் பின்னணிக் குரல்கள், ‘காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்’ பாட்டின் பித்தளை வாத்தியங்கள், இரண்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ‘யெல்லோ சப்மரீன்’ விளையாட்டுச் சத்தங்களோடு நன்றாக விரிந்திருக்கிறது, ஆனால் அதை நான் எப்படியும் அடிக்கடி கேட்கப் போவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பாஸைக் கொஞ்சம் தாராளமாகவே ஏற்றியிருக்கிறார்கள். சில பாட்டுகளில் இந்தக் காலத்து ஹெட்போனை மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தார்களோ என்று தோன்றும். ‘டுமாரோ நெவர் நோஸ்’ என் காதுக்கு முழுத் திருப்தி தரவில்லை. அதன் டேப் லூப்களை, அதாவது முனைகளை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடும் டேப் துண்டுகளை, அன்றைக்குப் பல மெஷின்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஆட்கள் பென்சிலால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கி அந்தக் கணத்திலேயே கலந்தார்கள். அந்தக் குழப்பம்தான் பாட்டு. புது மிக்ஸில் எல்லாம் சுத்தமாக, தனித்தனியாக இருக்கிறது. மோனோவில் இருக்கும் மூச்சுமுட்டல் காணோம்.

நல்லவேளை, அந்த மோனோவும் பெட்டியிலேயே இருக்கிறது. ஐந்து சிடி பதிப்பில் ஒரு டிஸ்க் முழுக்க 1966-ன் மோனோ மிக்ஸ். ‘ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்’ பாட்டில் தலைகீழாக ஓடும் கிட்டார் ஸ்டீரியோவில் ஒரு இடத்தில் வரும், மோனோவில் வேறு இடத்தில் வரும். எதைக் கேட்டு வளர்ந்தீர்களோ அதுதான் சரியான இடம் என்று சண்டை போடலாம், நான் போட்டிருக்கிறேன். இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயமே புதியதை முன்னால் வைத்துவிட்டுப் பழையதை ஒளித்து வைக்கவில்லை என்பதுதான்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால் ஒளித்து வைத்த கதைகள் இருக்கின்றன. 1987-ல் அமெரிக்க ராக் குழுவான ஸீஸீ டாப்பின் எழுபதுகளின் ஆல்பங்களை சிடிக்கு மாற்றும்போது எண்பதுகளின் மோஸ்தருக்கு ஏற்ற மாதிரி டிரம்ஸை மாற்றி எதிரொலி பூசினார்கள். அசல் மிக்ஸ் வேண்டுமென்றால் பழைய ரெக்கார்டுகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. 2002-ல் ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது பாஸையும் டிரம்ஸையும் வேறு ஆட்களை வைத்தே திரும்ப வாசித்துச் சேர்த்தார்கள், அசல் திரும்ப வர 2011 ஆனது. எதிர்ப்பக்கத்தில், பழைய ராக் ஆல்பங்களை ரீமிக்ஸ் செய்யும் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் இருக்கிறார். ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ ஆல்பம் பல வருஷம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போலவே கேட்கும். வில்சன் 2011-ல் செய்த ரீமிக்ஸ் அந்தக் கம்பளியை மட்டும் உருவி எடுத்தது, உள்ளே இருந்த ஆளைத் தொடவில்லை. ஜைல்ஸின் வேலையை நான் இந்தப் பக்கம்தான் வைப்பேன், பாஸ் விஷயத்தில் அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டு.

‘ரிவால்வர்’ பெட்டியில் இரண்டு டிஸ்க் நிறைய ஒத்திகைப் பதிவுகளும் உண்டு. எல்லாவற்றையும் இரண்டாவது முறை கேட்பீர்களா என்றால் சந்தேகம்தான். ஆனால் இரண்டை விட்டுவிடாதீர்கள். ஒன்று, ‘யெல்லோ சப்மரீன்’ பாட்டின் தொடக்க வடிவம்: பீட்டில்ஸின் ஜான் லெனன் தனியாக கிட்டாரை வைத்துக்கொண்டு, பிறந்த ஊரில் தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சோகமாகப் பாடுகிறார். குழந்தைகள் கைதட்டிப் பாடும் பாட்டுக்குள் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்தபின் அதைப் பழையபடி கேட்க முடியவில்லை. இன்னொன்று, ‘ரெயின்’ பாட்டின் பின்னணி இசை, வாசித்த அசல் வேகத்தில். வேகமாக வாசித்து டேப்பை மெதுவாக ஓட்டித்தான் அந்தச் சேற்றில் நடக்கிற மாதிரியான கனத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அசல் வேகத்தில் ரிங்கோவின் கைகள் மனிதக் கைகளா என்று இருக்கிறது.

பெரிய ஏமாற்றம், நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒலி வருகிற டால்பி அட்மாஸ் மிக்ஸ் டிஸ்க்கில் இல்லை. ‘சார்ஜென்ட் பெப்பர்’, ‘ஆபி ரோடு’ பெட்டிகளில் ப்ளூரே வட்டு இருந்தது, சரவுண்டு மிக்ஸும் அதில் கிடைத்தது. இதில் அட்மாஸ் வேண்டுமென்றால் ஸ்ட்ரீமிங்குக்குப் போக வேண்டும். இவ்வளவு கனமான பெட்டியை வாங்கியவன் அதே ஆல்பத்தைக் கேட்கச் சந்தாவும் கட்ட வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆல்பத்தை முதல் முறையாகக் கேட்கப் போகிறவர்களுக்குப் பெட்டி வேண்டாம். புது மிக்ஸ் மட்டும் இருக்கும் ஒற்றை டிஸ்க் போதும், பதினான்கு பாட்டு, ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிஷம். ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் ஐந்து டிஸ்க்கையே வாங்குங்கள், முதல் நாள் மோனோவையும் புது மிக்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நண்பனுக்கு எலினார் ரிக்பியை அனுப்பியிருக்கிறேன், இடது காதில் மட்டும் கேள் என்று சொல்லி.