ஜன்னலை மூடிய பிறகு: மூன்று பிரவுசர்களும் ஒரு 4 ஜிபி லேப்டாப்பும்

வீட்டு லேப்டாப்புக்கு வயது ஒன்பது, ரேம் 4 ஜிபி. எந்த பிரவுசர் வேகம் என்று அதில் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிய பிறகும் எது உள்ளே குந்தியிருக்கிறது என்பதுதான் இப்போது என் கணக்கு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், பார்த்துவிடலாம்.

எட்ஜ் விண்டோஸோடு சீதனமாக வருவது. 2020 ஜனவரியிலிருந்து அதற்குள் ஓடுவதும் குரோமுக்கு அடித்தளமான குரோமியம்தான் என்பதால் பக்கங்கள் குரோமில் தெரிகிற மாதிரியே தெரியும். கூப்பிட்டதும் சட்டென்று திறப்பதற்குக் காரணம் ஸ்டார்ட்அப் பூஸ்ட்: நாம் லாகின் செய்யும்போதே அது பாதி எழுந்து உட்கார்ந்திருக்கும். 16 ஜிபி இருப்பவர்களுக்குச் சரி. என்னைப் போன்றவர்கள் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் அதையும், மூடிய பிறகும் எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் நாம் ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்களை) ஓடவிடும் சுவிட்சையும் அணைப்பது நல்லது. தொடாமல் கிடக்கும் டேப்களைத் தூங்கவைக்கும் வசதி மட்டும் அருமை, அதை அணைக்காதீர்கள்.

அந்த இரண்டாவது சுவிட்ச் குரோமிலும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் குரோம் பெயர் பத்து வரிக்கு நீண்டால் வைரஸ் என்று பதற வேண்டாம். ஒரு தளம் இன்னொன்றின் தகவலை எட்டிப்பார்க்காதிருக்க, 2018 முதல் தளத்துக்குத் தளம் தனி பிராசஸ், அதாவது தனித்தனியாக ஓடும் வேலை. பாதுகாப்புக்கு நாம் ரேமில் கட்டும் வாடகை அது.

ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அதே வழிக்கு வந்துவிட்டது; ஆகவே அது ரேமைக் குறைவாகத் தின்னும் என்ற பழைய பேச்சை நான் நம்புவதில்லை. ஆனால் மூடினால் மூடியதுதான். அதுவும் முழுச் சாமியார் இல்லை: எது இயல்பு பிரவுசர் என்று தினம் ஒருமுறை பார்த்து, ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவுக்குச் சொல்லும் வேலையொன்றை 2020-இல், விண்டோஸ் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் சேர்த்தார்கள். எனக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறும்பு. குரோம் பழைய எக்ஸ்டென்ஷன் முறையைக் கைவிட்ட பிறகும் இங்கே விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் முழு பலத்தோடு ஓடுகிறதே, எனக்கு அதுதான் பெரிது.

பிரேவ்? விளம்பரத் தடுப்பு கூடவே வரும். கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் என்று அதோடு வருகிறவற்றை அணைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

இத்தனையும் சொன்னாலும், இந்த லேப்டாப்பை நிஜமாகவே படுக்கவைத்தது எந்த பிரவுசரும் இல்லை. இலவசமாக இறக்கிய ஒரு பிடிஎஃப் மாற்றி. இன்ஸ்டால் ஆகும்போது ஏற்கெனவே டிக் போட்டிருந்த ஒரு கட்டத்தைக் கவனிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டேன். மறுநாள் பேர் தெரியாத ஒரு தேடல் பக்கம் முகப்பில் நின்றது. குரோம் மெனுவின் அடியில் “உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது” என்று ஒரு வரி. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? புதிதாக ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பட்டனே இல்லை. கன்ட்ரோல் பேனலில் மாற்றியை நீக்கியும் அது போகவில்லை. அலுவலகங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் பாலிசி வழியில், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரிக்குள் தன்னை எழுதிவைத்திருந்தது அந்த மாற்றி. அந்தப் பதிவைத் தேடி அழித்து, குரோமை மறுபடி திறந்த பிறகுதான் அந்த வரி மறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அதற்கே போயிற்று. இத்தனைக்கும் அன்று மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு பக்க வாடகை ரசீது.