மும்மொழி ஆவணங்களுக்கு நோட்டோ எழுத்துருக்கள்: கொழும்பு அலுவலகமொன்றின் நீண்டகால அனுபவம்

வெள்ளவத்தையில் மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்துகொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தின் கணினிகளில் தமிழ், சிங்கள எழுத்துருக்களை நிறுவிப் பராமரிப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, சத்தியக் கடதாசி என எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று மொழிகளைக் கொண்டவை. இத்தகைய வேலைக்குக் கூகுள் வெளியிடும் நோட்டோ எழுத்துருக் குடும்பமே மிகப் பொருத்தமானது என்பது நான் வந்தடைந்த முடிவு. ஆயினும் அதை எப்படி நிறுவுகிறோம், வேர்டில் எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பயன் கிடைக்கிறது.

இலங்கையில் கணினித் தமிழ் என்றால் நெடுங்காலம் பாமினிதான். சிங்களத்துக்கு எஃப்எம் அபயா. இரண்டும் பார்வைக்கு நல்ல எழுத்துருக்களே. ஆனால் அவை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழையும் சிங்களத்தையும் வரைந்து வைத்திருப்பவை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் மட்டுமே. பாமினி இல்லாத கணினியில் அவையே கண்ணில் படும். மும்மொழிக் கோப்பு முழுவதையும் தெரிவுசெய்து யாராவது எழுத்துருவை மாற்றிவிட்டால், எது தமிழ், எது சிங்களம், எது ஆங்கிலம் என்ற அடையாளமே அதில் எஞ்சாது. வாக்கியத்தின் முதலெழுத்தை வேர்ட் தானாகவே பெரிய எழுத்தாக்கும்போது ‘மரம்’ என்பது ‘முரம்’ ஆகிவிடும், ஏனெனில் பாமினியில் சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. பெயர்களும் ஊர்களும் நிறைந்த சட்ட ஆவணத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையல்ல.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் தமிழுக்கு 1991 முதலும் சிங்களத்துக்கு 1999 இல் வந்த 3.0 பதிப்பு முதலும் தனித்தனி இடங்கள் உண்டு என்பதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. விண்டோஸுடன் வரும் நிர்மலா யுஐ மூன்று மொழிகளையும் ஒரே எழுத்துருவில் தருகிறது. திரையில் வாசிக்க அது போதும். எனினும் அச்சில் அது எனக்கு நிறைவு தரவில்லை, மக் கணினியிலும் லினக்ஸ் வகையான உபுண்டுவிலும் அது இருப்பதுமில்லை. விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாவும் சிங்கள எழுத்துருவான இஸ்கோல பொத்தவும் விண்டோஸ் 10 முதல் துணை எழுத்துருக்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், விருப்ப அம்சங்கள் பகுதியில் தேடிச் சேர்க்க வேண்டும்.

நோட்டோ திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கூகுள் தளத்திலிருந்து இறக்கும் பொதியில், தடிப்பை விரும்பியபடி மாற்றக்கூடிய ஒற்றைக் கோப்பும், ஒவ்வொரு தடிப்புக்கும் தனிக்கோப்பு கொண்ட ‘ஸ்டாட்டிக்’ என்ற உறையும் இருக்கும். அலுவலக மென்பொருளுக்கு இரண்டாவதையே நிறுவுங்கள். தடித்த எழுத்து பிடிஎப்பில் ஒழுங்காக வருவதற்கு அதுவே நம்பகமானது. நிறுவும்போது கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தெரிவை எடுக்க வேண்டும். 2018 இல் வந்த 1809 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 எழுத்துருவை ஒரு பயனருக்கு மட்டும் நிறுவ இடமளிக்கிறது. அப்படி நிறுவினால், அதே கணினியில் வேறு பெயரில் உள்நுழையும் ஊழியருக்கு எழுத்துரு கிடைக்காது.

பலரும் கவனிக்காத இடம் இனித்தான் வருகிறது. வேர்டும், அதைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ், சிங்களம் போன்ற எழுத்துமுறைகளுக்கு இன்னோர் எழுத்துருவையும் தனித்தனியாக நினைவில் வைக்கின்றன. அதனால்தான் அளவை மாற்றும்போது ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் அப்படியே நிற்பதுண்டு. லிப்ரே ஒபிஸில் மொழி அமைப்புகளுக்குள் சென்று இந்த இரண்டாவது வகையை இயங்கச் செய்ய வேண்டும். தமிழும் சிங்களமும் அந்த ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வது இதைவிடப் பெரிய சிக்கல்: அங்கே நோட்டோ செரிஃப் தமிழை வைத்தால், சிங்களத்துக்கு மென்பொருள் தனக்குக் கிடைத்த ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். ஆகவே எங்கள் வார்ப்புருவில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் தனித்தனிப் பாணிகளை உருவாக்கி, ஆங்கிலம் 12 புள்ளி என்றால் தமிழை 11 ஆக வைத்திருக்கிறோம். வரிகள் சீராக அமைவதற்கு இந்தச் சிறு குறைப்பு மிகவும் உதவுகிறது.

சிங்களத்தில் ‘ஸ்ரீ லங்கா’வைச் சரிபார்க்காமல் நான் எந்த ஆவணத்தையும் கையளிப்பதில்லை. அந்த ‘ஸ்ரீ’ ஒன்றிணைந்த வடிவில் தோன்ற, இடையில் கண்ணுக்குப் புலப்படாத, அகலமற்ற ஓர் இணைப்புக் குறி இருக்க வேண்டும். வேறிடத்திலிருந்து நகலெடுக்கும்போது அது உதிர்ந்துவிட்டால், எவ்வளவு நல்ல எழுத்துரு இருந்தாலும் எழுத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும். தமிழ் ‘ஸ்ரீ’யிலும் கவனம் தேவை. 2005 இல் யுனிகோட் 4.1 ‘ஶ’வைச் சேர்த்த பின்னர் ‘ஸ்ரீ’யை இரு விதமாகப் பதியலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றே என்றாலும், தேடும்போது ஒன்று அகப்பட்டு மற்றது தவறிவிடக்கூடும். ஸ்ரீகாந்தன், ஸ்ரீதரன் போன்ற பெயர்கள் நிறைந்த பட்டியல்களில் இதை நான் அடிக்கடி காண்கிறேன்.

வாடிக்கையாளருக்கு எப்போதும் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎப்பையே கொடுக்கிறோம், ஏனெனில் போட்டோகொப்பிக் கடைக் கணினியில் நோட்டோ இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திருத்தக்கூடிய கோப்புத்தான் வேண்டுமென்றால், வேர்டின் சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவை உட்பொதிக்கும் தெரிவை இயக்கி அனுப்புகிறோம். பாமினி விரல்களுக்குப் பழகிய ஊழியர்களுக்கு இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் அதே விசை அமைப்பு இருப்பதால், அவர்கள் பழைய வேகத்திலேயே யுனிகோடில் அடிக்கிறார்கள். பாமினியையும் அபயாவையும் ஒரு கணினியில் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். பழைய கோப்புகளை அங்கே திறந்து, யுனிகோடுக்கு மாற்றி, மூலத்தை அருகில் வைத்து வரிக்கு வரி ஒப்புநோக்கிய பிறகே மற்றக் கணினிகளுக்கு எடுக்கிறோம்.